இரும்பு படாத பிள்ளை

காசிமேட்டில் போய் அங்கம்மா பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள். ஏமாற்றப் பார்த்த தரகனை நடுச்சந்தையில் மீன் கூடையாலேயே சாத்தியவள் அவள். பெரம்பூர் ரயில்வே வீடுகளுக்குக் கூடை சுமந்து போகும் வழியில் வெறிநாய் குறுக்கே நின்றபோது, கூட வந்த பெண்களெல்லாம் கூடையைப் போட்டுவிட்டு ஓட, இவள் மட்டும் "போவியா, கஸ்மாலம்!" என்று அதட்டிவிட்டு நடையைக் கட்டினாள். அப்பேர்ப்பட்ட பெண்பிள்ளை, தன் மகளின் நகத்தை வெட்டப் பயந்து மூன்று வருஷமாகப் பல்லால் கடித்துக் கடித்து எடுத்துக்கொண்டிருந்தாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

மகள் பெயர் பாளையம். பெரியபாளையத்து அம்மனிடம் கேட்டு வாங்கிய பிள்ளை என்பதால் அந்தப் பெயர். இவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போயிற்று. இரண்டாவது பதினோரு மாசம் இருந்து, தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய வாரத்தில் காய்ச்சல் கண்டு போயிற்று. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது அங்கம்மா பெரியபாளையத்துக்குப் போய், வேப்பிலைச் சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வந்து, சன்னதியில் விழுந்து சொன்னாள்: "இத்தயாவது எனக்குக் குடுத்துடு தாயே. மூணு வயசு முடிஞ்சு வர்ற ஆடிக்கு உன் வாசல்ல வந்து முடி எறக்குறேன். அதுவரிக்கும் இது ஒடம்புல இரும்பு படாது. பட்டுச்சின்னா நீயே எடுத்துக்க."

அந்தக் கடைசி வார்த்தையை யார் அவளைச் சொல்லச் சொன்னார்கள்? அம்மன் கேட்டாளா? ஆத்திரத்திலும் ஆசையிலும் வாயில் வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

கடல் தொழில் செய்கிற வீட்டில் இரும்பு படாமல் ஒரு பிள்ளையை வளர்ப்பதென்பது லேசுப்பட்ட காரியமா? மீன் அரியும் அரிவாள்மணையைக் கூரைச் சந்தில் செருகி வைத்தாள். அவள் புருஷன் தண்டபாணி தூண்டில் முள்ளையெல்லாம் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். பிள்ளைக்குக் காது குத்தவில்லை. முடி சடை பிடித்து முதுகு வரைக்கும் தொங்கிற்று. வெயில் காலத்தில் சொறிந்து சொறிந்து அழும். அங்கம்மா விரலால் சிக்கெடுத்துவிட்டு, "ஆடி வரட்டும்டி கண்ணு, ஆடி வரட்டும்" என்று சமாதானம் சொல்லுவாள்.

ஆடிக்கு இன்னும் ஐந்து மாசம் இருக்கும்போது, சுதந்திரம் வந்த மூன்றாம் வருஷத்து மாசியில், குப்பத்துக்குள் பெரியம்மை வந்தது. கூடவே அம்மை குத்துகிற அம்மாளும் வந்தாள்.

அவள் பெயர் ஞானபாக்கியம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், கார்ப்பரேசன் உத்தியோகம். ஒரு கையில் குடை, மற்றக் கையில் தகரப் பெட்டி. பெட்டிக்குள் சின்ன விளக்கு ஒன்று, அம்மைப்பால் அடைத்த கண்ணாடிக் குழாய், அப்புறம் அந்தக் கருவி. வட்டமான இரும்பு முனையில் பொடிப் பொடியாகப் பற்கள். அதை விளக்கில் காட்டி, பிள்ளைகளின் மேல்கையில் வைத்து ஒரு திருகு திருகுவாள். நாலு இடத்தில் நாலு திருகு. பிள்ளை போடுகிற கூச்சல் கடற்கரை வரைக்கும் கேட்கும்.

"வர்றா, வர்றா!" என்று சந்து முனையில் குரல் கேட்டதுமே அங்கம்மா பாளையத்தைத் தூக்கி வாசலில் குவித்திருந்த பழைய வலைக்குள் உட்கார வைத்து மூடினாள். "வாயத் தொறந்த, ஆத்தா கண்ணக் குத்திடுவா" என்றாள். பிள்ளை மூச்சுக்கூட விடவில்லை.

"இந்த வீட்டுல பிள்ளை இருக்குல்லா?" என்று கேட்டாள் ஞானபாக்கியம்.

"இல்லம்மா. திருவொத்தியூருக்குப் போய்க்கீது, எங்க அக்கா வூட்டுக்கு."

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவும் ஒத்து ஊதினாள். "ஆமாம்மா, மெய்யாலும். நானே பஸ்ல ஏத்திவுட்டேன்."

ஞானபாக்கியம் வலைக் குவியலைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கால்விரல் நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்தும் பார்க்காததுபோல் குடையை விரித்தாள். "மூணு சந்து தள்ளி திருமலைங்கிற ஆளுக்கு நேத்து முத்து கண்டிருக்கு. என்னப் பாத்துப் பயப்படுதிய. பயப்பட வேண்டியது அதுக்குல்லா? ராயபுரம் ரயிலடிக்குப் பின்னால ஞாயித்துக்கெழமை உக்காந்திருப்பேன். மனசு மாறினா தூக்கிட்டு வாங்க."

திருமலை வேறு யாருமில்லை. தண்டபாணியும் திருமலையும் ஒரே கட்டுமரத்தில் போகிறவர்கள். திருமலை பெண்சாதி குப்பம்மாவோ இவளோடு கூடை தூக்குகிறவள்.

சாயங்காலம் தண்டபாணி வந்தான். கடலில் மீன் படாத நாட்களில் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போகிறவன் அவன். அங்கே வாசலிலேயே எல்லாருக்கும் குத்திவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அவன் கையில் நாலு தழும்பு உண்டு.

"இன்னாமே, கொயந்தைக்குக் குத்தலையா?"

"இரும்புய்யா அது! ஆத்தா முன்னாடி வாக்குக் குடுத்துகீறேன். மறந்துட்டியா?"

"நான் ஆர்பர்ல தூக்குறதெல்லாம் இரும்பு. என் கை பூரா துரு. நான் அத்தத் தூக்கிக் கொஞ்சலையா?"

"தொடுறது வேற, தோலக் கீறுறது வேற. ரெண்டு போச்சே, பத்தலியா ஒனக்கு?"

தண்டபாணி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல்கையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் பயம்தான். அவன் பயம் ஒரு பக்கம் இழுத்தது, இவள் பயம் மறுபக்கம் இழுத்தது. கடைசியில், "சரி, ஆடிக்கு அப்பால பாத்துக்கலாம்" என்றான். ஜெயித்துவிட்டோம் என்று அங்கம்மா நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மாதாகோயில் பக்கம் மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்று பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது பாளையம் முழங்கை வரைக்கும் கை வைத்த புதுச்சட்டை போட்டிருந்தாள். இரண்டு நாளைக்குத் தண்டபாணி அந்தச் சட்டையைக் கழற்ற விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அங்கம்மா பிடிவாதமாகக் குளிப்பாட்ட உட்கார வைத்துச் சட்டையை உருவினாள்.

இடது மேல்கையில் நாலு சிவப்புத் தடிப்பு.

சொம்பு கையிலிருந்து விழுந்தது. மஞ்சளைக் குழைத்துத் தேய்த்தாள், வேப்பிலையை அரைத்து அப்பினாள், உப்புத் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளை வீறிட்டதுதான் மிச்சம். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த தண்டபாணியிடம் ஓடினாள். ஊரே பார்க்க அவன் மார்பில் குத்தினாள்.

"பாவி! என் புள்ளயச் சாகக் குடுத்துட்டியே! குத்துனவ கை வெளங்குமா? அந்தக் கை அழுவிப் பூடும்!"

"நான் சொல்லித்தான் குத்துனாங்க. திட்டுறதுன்னா என்னத் திட்டு. எட்டாம் நாளு காய்ச்சல் வருமாம், பயப்படக் கூடாதாம். வந்தா நல்லதாம்."

காய்ச்சல் வந்தால் நல்லது என்று எவளாவது சொல்லுவாளா? நடந்துகொண்டிருந்த பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவளிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது? அங்கம்மா கூடை தூக்குவதை நிறுத்தினாள். பிள்ளையின் நெற்றியை விட்டுக் கையை எடுக்கவில்லை. தடிப்பெல்லாம் கொப்புளமாகி, கொப்புளத்தில் நீர் கோத்து, நடுவில் குழி விழுந்தது. எட்டாம் நாள், சொன்னது சொன்னபடி, பிள்ளை உடம்பு கொதித்தது. அக்குளில் நெறி கட்டிற்று. "அம்மா, கை வலிக்குது" என்று முனகினாள். ஞானபாக்கியம் சொன்ன கணக்கு சரியாக இருந்தது என்பது அங்கம்மாவுக்கு உறைக்கவில்லை. ஆத்தா எடுத்துக்கொண்டு போக வந்துவிட்டாள் என்பதுதான் உறைத்தது.

தண்டபாணி துறைமுகத்துக்குப் போயிருந்தான். அங்கம்மா பிள்ளையைக் கோவிந்தம்மாவிடம் விட்டுவிட்டு, தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, மூன்று சந்து தாண்டித் திருமலை வீட்டுக்கு ஓடினாள்.

வேறு யாராயிருந்தாலும் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் குப்பத்தில் வழக்கம் வேறு. அம்மை கண்ட உடம்பில் ஆத்தா குடியிருக்கிறாள். அந்த உடம்பின் காலில் விழுந்து கேட்டால் கோயிலில் கேட்ட மாதிரி. பெரியபாளையம் வரைக்கும் போக நேரமில்லாதவளுக்கு ஆத்தாவே பக்கத்துச் சந்தில் வந்து இறங்கியிருக்கும்போது, வேறு எங்கே போவாள்?

வாசலில் வேப்பங்கொத்து கட்டியிருந்தது. உள்ளே இருட்டு. வாழையிலையில் கிடந்தது திருமலைதான் என்று குப்பம்மா சொல்லித்தான் தெரிந்தது. முகம் முழுக்க முத்து, முத்தின் மேல் முத்து. கண் இருந்த இடம் தெரியவில்லை. நாற்றம் மூக்கில் ஏறிற்று. கரையிலிருந்து கடலுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டே கட்டுமரம் தள்ளுகிற திருமலையா இது? அங்கம்மா காலில் விழுந்தாள்.

"தாயே, இரும்பு பட்டுடுச்சி. நான் வக்கல. எனக்குத் தெரியாமப் பட்டுடுச்சி. அத்த மன்னிச்சி வுட்டுடு. வோணும்னா என்ன எத்துக்க."

திருமலை, "தண்ணி" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது.

குப்பம்மா அவன் உடம்பை வருடிக்கொண்டிருந்த வேப்பிலைக் கொத்தையே அங்கம்மாவின் மடியில் போட்டாள். "ஆத்தா குடுத்தது. எத்துகினு போய்த் தடவு."

கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தலையிலிருந்து கால் வரைக்கும் மூன்று தடவை அந்தக் கொத்தால் வருடினாள். முகத்தில், கழுத்தில், கொதிக்கிற வயிற்றில், அந்த நாலு கொப்புளத்தின் மேல். மீந்த இலையில் இரண்டைத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். கொத்தை அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். தண்டபாணியிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் காய்ச்சல் இறங்கிற்று. பிள்ளை கூழ் கேட்டது. ஆத்தா மன்னித்துவிட்டாள் என்று அங்கம்மா அழுதாள், சிரித்தாள், புருஷனுக்கு ஒரு வாரமாகக் காட்டாத முகத்தைக் காட்டினாள்.

அதற்கு அடுத்த நாள் திருமலை செத்துப்போனான்.

கார்ப்பரேசன் ஆட்கள் வந்து அவன் பாய், துணி எல்லாவற்றையும் மணலில் போட்டுக் கொளுத்தினார்கள். ஞானபாக்கியம் சந்து சந்தாய் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "அந்த வீட்டுத் துணி, பாயி, வேப்பிலை, எதையும் யாரும் தொட்டிருந்தா இப்பவே வந்து சொல்லுங்க! அதுல ஒட்டிட்டுத்தான் வரும். இன்னைக்குக் குத்திக்கிட்டாக்கூடத் தப்பலாம். தொட்ட நாள்லேருந்து பன்னெண்டு நாள் கழிச்சுத்தான் காட்டும்!"

அங்கம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்லுவது? என் கையாலேயே எடுத்து என் பிள்ளை முகத்தில் தேய்த்தேன் என்றா? புருஷனை ஊர் பார்க்க அடித்தவள் எந்த வாயால் சொல்லுவாள்? ஞானபாக்கியம் போகும் வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அன்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. காலையில் எழுந்ததும் பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், நெற்றி, காது மடல், உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் பார்ப்பாள். ஒரு கொசுக்கடி கண்டால் போதும், எச்சில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பாள். தண்டபாணி, "இன்னாமே பேஜாரு? நெத்தம் அத்தப் பாத்துகினே கீற" என்பான். "ஒண்ணியும் இல்ல" என்பாள். நாலு கொப்புளமும் கறுத்துப் பொருக்காகி ஆறிக்கொண்டு வந்தது. அவளுக்கு அதில் ஆறுதல் இல்லை. நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு, எட்டு, ஒன்பது.

பன்னிரண்டாம் நாள் மண்டையைப் பிளக்கிற மாதிரி வலி வந்தது. பிள்ளைக்கு இல்லை, அவளுக்கு. இடுப்பு ஒடிந்துவிட்டாற்போல் வலித்தது, காய்ச்சல் தூக்கிப் போட்டது. நான்தான், பிள்ளை இல்லை என்று முதலில் அவளுக்கு நிம்மதிகூட வந்தது, சொன்னால் நம்புங்கள். என்னை எடுத்துக்கொள் என்று அவள்தானே கேட்டாள். ஆனால் அந்த நிம்மதி ஒரு பொழுதுகூட நிற்கவில்லை. தனக்கு இன்று என்றால் பிள்ளைக்கு நாளை வரலாம், நாளை மறுநாள் வரலாம். ஒரே கொத்துத்தானே?

மூன்றாம் நாள் முகத்தில் முத்து கண்டது. தண்டபாணி வாசலில் வேப்பிலை கட்டினான். கடலுக்குப் போகவில்லை, கவிச்சி உள்ளே வரவில்லை. பிள்ளையைக் கோவிந்தம்மா வீட்டில் விட்டான். இளநீரும் கூழும் அவனே ஊட்டினான். முத்து உள்நாக்கு வரைக்கும் இறங்கிற்று. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டன. பத்தாம் நாள் அங்கம்மாவுக்கு உலகமே இருட்டு. அந்த இருட்டிலும் ஒரே கேள்விதான்.

"பாளையம் எப்பிடிக் கீது?"

"நல்லாக் கீது."

"மேல ஏதாச்சும் போட்டுகீதா?"

"ஒண்ணும் இல்லமே. கோயிந்தம்மா வூட்டு வாசல்ல ஆடிகினு கீது."

அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? ஒரு தடவை மறைத்தவன். பிள்ளை பக்கத்து வீட்டில் வாழையிலையில் கிடக்கிறது, சாகப்போகிறவளிடம் பொய் சொல்கிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது. போய்விட்டதோ என்னவோ. புதைத்துவிட்டே வந்து நல்லாக் கீது என்கிறானோ என்னவோ. அந்த நினைப்பு வந்ததும் அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். உடம்பிலிருந்து இலையும் தோலும் சேர்ந்து உரிந்தன.

"எனக்குத் தெரியும்யா. அது பூடுச்சி. நான்தான் கொன்னேன். திருமலை மேல தடவுன வேப்பிலயக் கொணாந்து அது மூஞ்சியெல்லாம் தேச்சேன். நீ ஆர்பருக்குப் போனப்ப. ஒங்கிட்ட சொல்லல. ஊரே கேட்டுச்சி, யாருகிட்டயும் சொல்லல."

தண்டபாணி கையில் வைத்திருந்த கொட்டாங்கச்சியைத் தரையில் வைக்கிற ஓசை கேட்டது. அவன் எழுந்து வெளியே போனான். போய்விட்டான், இனி வரமாட்டான் என்று நினைத்தாள். 

கொஞ்ச நேரத்தில் காலடி கேட்டது. கூடவே, மண்ணும் மிட்டாயும் கலந்த ஒரு வாசனை.

"தொட்டுப் பாரு" என்றான் தண்டபாணி. "நான் சொன்னா நம்பமாட்ட. நீயே தொட்டுப் பாரு."

அங்கம்மா கையை இழுத்துக்கொண்டாள். "வோணாம். எங்கிட்ட கொணாராத. ஒட்டிக்கும்."

"குத்துன அந்தம்மா சந்துலதான் கீறாங்க, கேட்டுகினுதான் கொணாந்தேன். இதுக்கு ஒட்டாதாம். ஒட்டுறதா இருந்தா நீ தேச்ச அன்னிக்கே ஒட்டிகீணும்."

அவளுடைய விரல்களைப் பிடித்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்தான். வழுவழுவென்று இருந்தது. கன்னம், மூக்கு, கழுத்து. ஒரு முத்து இல்லை, ஒரு தடிப்பு இல்லை. "அம்மா, ஒன் கை சொரசொரங்குது" என்று பாளையம் சிணுங்கினாள். அங்கம்மாவின் விரல் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கிற்று. தோளிலிருந்து கைக்கு. அங்கே நின்றுவிட்டது. நாலு குழி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. திரும்பவும் தடவினாள். அழுகிப்போகட்டும் என்று அவள் சபித்த கை வைத்த நாலு குழி.

"இரும்பு" என்றாள். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அங்கம்மா பிழைத்தாள். வலது கண் திறந்தது, இடது கண் திறக்கவே இல்லை. முகத்தை அவளே கண்ணாடியில் ஒரு தடவைதான் பார்த்தாள். ஆடியில் பெரியபாளையத்துக்குப் போய்ப் பிள்ளைக்கு முடி இறக்கினார்கள். வேப்பிலைச் சேலையோடு அவள் சன்னதியில் வெகுநேரம் ஒற்றைக் கண்ணால் அம்மனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுவருஷம் ஞானபாக்கியம் குடையும் பெட்டியுமாக வந்தபோது, சந்தில் பிள்ளைகள் எல்லாம் வழக்கம்போல் திருவொத்தியூருக்குப் போயிருந்தன. அங்கம்மா வீட்டை விட்டு வெளியே வந்தாள். நேரே போய்க் கோவிந்தம்மா வீட்டு வலைக் குவியலைத் தூக்கினாள். உள்ளே கோவிந்தம்மாவின் பேரன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அடிப்பாவி!" என்று கோவிந்தம்மா ஓடிவந்தாள்.

"திட்டுடி. நல்லாத் திட்டு. நானும் திட்டுனவதான்" என்றாள் அங்கம்மா. பேரனைத் தூக்கி ஞானபாக்கியத்தின் முன்னால் நிறுத்தினாள்.

பயம் அவளை விட்டுப் போகவே இல்லை. பாளையம் வளர்ந்து பெரியவளாகி, அவளே கூடை தூக்கும் வயசு வந்த பிறகும், லேசாகத் தும்மினால் போதும், அங்கம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வருவாள். நெற்றியில் கை வைக்கமாட்டாள். மகளின் சட்டைக் கையை மேலே தள்ளி, விரலால் எண்ணிப் பார்ப்பாள். நாலும் இருக்கும். அப்புறம்தான் மூச்சு விடுவாள்.